பூமணியக்காவின் மாடு

கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பிறகு, முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது. பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு மனிதர்களைத் தேடிப் போகிற இந்தத் தொழிலில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது, சுருக்கிப் பார்த்தால், இந்த ஒரு வசனம்தான். பிலிமை எப்படி ஏற்றுவது, எவ்வளவு நேரம் ஒளியை விடுவது, இந்த வெக்கையில் கழுவும் தண்ணீரை எப்படிக் குளிராக வைத்திருப்பது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித் தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கமராவை என் மகள் அபியிடம் கொடுத்த அன்று, தேநீர் குடிக்கும்போது நமது குழுவில் ஒருவர் கேட்டார்: "ஏன் ரீச்சர் இவ்வளவு கெதியா இந்தத் தொழில விடுறீங்க?" நான் முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அபி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அதனால்தான் கமராவோடு எங்கே போனாலும் எனக்குப் பெயர் 'ரீச்சர்'. வாவிக் கரையிலும் அதற்கு மேற்கே காட்டோரங்களிலும் இருக்கும் வேடர் குடும்பங்களை எடுத்தேன். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டுப் போகும் குறவர் குடும்பங்களை எடுத்தேன். என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு, அதை ஒளிக்கப் போவதில்லை. நான் எடுத்த எந்த முகமும், அந்த முகத்துக்குரியவர் பார்க்கும் முன் எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை. என் கமராவுக்காக யாரும் சட்டையைக் கழற்றியதுமில்லை, இல்லாத ஒன்றைக் கையில் பிடித்ததுமில்லை. அப்படிப் பிடிக்க வைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் நல்ல பிள்ளையாக இருக்கவில்லை.

முதலில் ஒரு சோற்றுப் பானையின் கதையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

ஏறாவூருக்கு அப்பால் ஒரு வெட்டை வெளியில் குறவர் குடும்பங்கள் சில தங்கியிருந்தன. அதில் ஒரு பெண். என் வயதிருக்கும், அழகான நிமிர்ந்த கழுத்து. கூடாரத்துக்கு முன்னால் இருத்தி, வழமையான பாடத்தைப் படிப்பித்தேன். இந்தக் கமராவில் முகம் பின்புறக் கண்ணாடியில் தலைகீழாக விழும், நான் துணிக்குள் இருந்து கண்ணைக் கூர்மையாக்குவேன், அதற்குப் பிறகு ஒரு விரலளவு பின்னே போனாலும் கண் மங்கி மூக்குத்தான் துலங்கும், ஆகவே அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. அவள் தலையாட்டினாள். அதன் பிறகு கல் மாதிரி இருந்தாள். இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று நான் ஆறுதலாகக் கூர்மை பிடித்தேன், பிலிம் சட்டத்தைப் போட்டேன், மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன், எடுத்தேன். ஷட்டர் விழுந்த அந்த நொடியில் அவள் எழுந்து பின்னால் ஓடினாள்.

அடுப்பில் சோறு கரிந்து போயிருந்தது. பானையின் அடியில் கறுப்பு, மேலே புகை.

"சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"நீதானே வாய் திறக்காத எண்டு சொன்ன?" பானையை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "வாயத் தைச்ச நீ, கையையாவது விட்டு வைச்சிருக்கப்படாதா? கையால சொல்லியிருப்பன்ல? இப்ப வா, நீயே தின்னு."

கரிந்த சோற்றை நானும் தின்றேன். அந்தப் படத்தில் அவளுக்குப் பின்னால் மெல்லிய வெண்மை ஒன்று படர்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் காலைப் பனி என்று சொல்லி வியப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் பகல் சாப்பாடு.

அன்றிலிருந்து என் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஒப்பந்தம் வந்தது. வலக்கை முழங்காலில் விரித்தபடி இருக்கும். எறும்பு கடித்தால், பிள்ளை அழுதால், சோறு கரிந்தால், போதும் என்று தோன்றினால், அந்தக் கையை மூடவேண்டும். கண்ணாடியில் அதைக் கண்டதும் நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியே வருவேன். எவ்வளவு நல்ல வெளிச்சம் என்றாலும் வருவேன். நீங்கள் எல்லோரும் இப்போது செய்கிறீர்களே, 'ரீச்சரின் கைப்பாடம்' என்று, அதைப் படிப்பித்தவள் அந்தக் குறத்திதான்.

இனி பூமணியக்கா.

கரடியனாற்றிலிருந்து உள்ளே போனால், குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரைக்கு அருகே சில வீடுகள். அதில் ஒன்றில் இருக்கிறார். வேடர் குடும்பம். கணவர் இல்லை, மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். வாய் ஓயாத மனுசி. அவரைப் படமெடுக்க வேண்டும் என்று கொழும்பில் ஒரு கண்காட்சி ஏற்பாட்டாளர் ஆசைப்பட்டார். வில், அம்பு, இலை தழை ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றும், மூக்குக் கண்ணாடி இல்லாமல் எடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். பூமணியக்காவிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

"வில்லும் அம்புமா? எண்ட மனிசன் உயிரோட இரிக்கக்குள்ளயே வயலில மம்பெட்டிதான் புடிச்சவர். நான் என்னத்துக்கு வில்லப் புடிக்கிற?" என்றார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தடித்த வில்லைகள், ஒரு பக்கச் சட்டத்தில் நூல் சுற்றியிருந்தது. "இதக் கழட்டினா நான் ஆரெண்டு எண்ட மருமகனுக்கே தெரியாது, ரீச்சர். பொறகு இந்தப் படத்த எந்தச் சுவரில கொண்டு மாட்டுற?"

எனக்கும் கண்ணாடி ஒரு தொல்லைதான். வெளிச்சம் பட்டால் மின்னும், எதிரே இருப்பதெல்லாம் அதில் விழும். ஆனாலும் இருக்கட்டும் என்றேன். கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மின்னல் போய்விடும். போயிற்று.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வறண்ட காலம், குளம் வற்றிக் கிடந்தது. காலையிலேயே போனோம். பூமணியக்கா நீலச் சேலை உடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பிளாஸ்ரிக் கதிரையில் கிழக்கே முதுகு காட்டி இருந்தார். சூரியன் அவருக்குப் பின்னால். முகம் இருட்டாகிவிடாமல் இருக்க அபி எனக்கு இடப்பக்கமாக, கொஞ்சம் முன்னே, பாரமில்லாத ஒரு பெரிய வெள்ளை ரெஜிபோம் பலகையை, எங்கள் பேச்சில் 'போட்', பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆக, நானும் அபியும் பூமணியக்காவைப் பார்த்தபடி. எங்கள் இருவருக்கும் பின்னால் மேற்கே பற்றைக்காடு. அதிலிருந்து காற்று எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கமராப் பெட்டி பின்னால் ஒரு மருத மரத்தடியில் கிடந்தது. வந்தவுடனே பூமணியக்கா வெட்டித் தந்த கதலி வாழைக்குலையை அபி அந்தப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். எந்தக் காட்டோரத்தில் என்ன வைக்கிறோம் என்று நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. பூமணியக்காவுக்குப் படம் எடுக்கப்போகிற சந்தோசம். எங்களுக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம்.

அபிக்கு இருபத்துநான்கு வயது. கம்பஸ் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். 'உங்கட போட்டைப் பிடிக்க வேற ஆள் இல்ல, அதால வாறன்' என்று சொல்லிக்கொண்டுதான் என்னோடு வருவாள். அவளைக் காட்டுப்பக்கம் கூட்டிப்போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு முதல்நாளே பயம் தொடங்கிவிடும். பாம்பு, கிணறு, ஓட்டோ பிரள்வது, எல்லாம் நினைத்துவிடுவேன். யானையை மட்டும் அன்றைக்கு நினைக்கவில்லை.

"மாமி, சிரிச்சிராதீங்க. சிரிச்சா அம்மா திரும்ப முதல்ல இருந்து தொடங்குவா," என்றாள் அபி.

"சிரிக்க வைக்கிறதே நீதானேகா," என்றார் பூமணியக்கா. பிறகு வாயை மூடிக்கொண்டு, வலக்கையை முழங்காலில் விரித்து வைத்தார். நான் துணிக்குள் போனேன்.

துணிக்குள் ஒரு சின்ன இரவு இருக்கும், உங்களுக்குத் தெரியும். வியர்வை மணமும் பழைய துணி மணமும். எதிரே கண்ணாடியில் தலைகீழாக ஒரு நீலச் சேலை, ஒரு முகம், மேலே பார்க்கவேண்டிய வானம் கீழே. நான் உருப்பெருக்கி வில்லையை எடுத்துக் கண்ணாடியில் வைக்கப்போனபோது, அந்த நீலத்தின் மேல் கிடந்த கை மூடியது.

வெளியே வரவேண்டும். அதுதான் ஒப்பந்தம். இத்தனை வருடமாக ஒரு முறைகூட நான் அதை மீறியதில்லை. என் கை துணியின் விளிம்புக்குப் போய்விட்டது.

அங்கே ஏன் நின்றேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கையை மூடுகிறவர்கள் எல்லோரும், மூடிய அந்த நொடியிலேயே முகத்தையும் விட்டுவிடுவார்கள். தோள் இறங்கும், கண் கமராவை விட்டுப் போகும், 'அப்பாடா' என்ற ஒன்று வாயில் தெரியும். பூமணியக்காவின் முகத்தில் ஒன்றும் இறங்கவில்லை. கை மட்டும் மூடியிருந்தது. கண் லென்ஸிலேயே நின்றது, முன்னைவிட இறுக்கமாக. நிறுத்து என்று கையால் சொல்கிறார், நிறுத்தாதே என்று முகத்தால் சொல்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் ஒரு விநாடி பொறு. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. துணியை விட்டுவிட்டு உருப்பெருக்கியைக் கமராவின் பின்புறக் கண்ணாடியில் வைத்து அவருடைய கண்ணைப் பார்த்தேன்.

மூக்குக் கண்ணாடியின் வில்லையில், கடுகளவு பெரிதாக, அபியின் பலகை வெள்ளையாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் நானும் கமராவும், ஒரு கறுப்புக் கட்டி. அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மணமும் வந்தது. சேறும் புளித்த புல்லும் கலந்த மணம். காற்று அதை நேராக எங்கள் மேல் கொண்டுவந்து போட்டது. காற்று அப்படி அடித்தபடியால்தான் எங்கள் மணம் அதற்குப் போகவில்லை என்பதை விஞ்ஞான ரீச்சர் பிறகுதான் யோசித்தாள். அந்த நேரத்தில் நான் ரீச்சர் இல்லை. எனக்கும் அந்தத் தனியன் யானைக்கும் நடுவில் ஒரு துணி இருந்தது. அபிக்கு அதுகூட இல்லை.

பூமணியக்கா ஏன் கண்ணை அசைக்கவில்லை என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. பலகை பிடிக்கிறவரின் வேலை, இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. அபி அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் ஒரு முறை பின்னால் போயிருந்தால் அபி திரும்பியிருப்பாள். திரும்பியிருந்தால் கத்தியிருப்பாள், ஓடியிருப்பாள், அவ்வளவு பெரிய வெள்ளைப் பலகையும் காற்றில் பறந்திருக்கும். அவர் தன் முகத்தால் என் மகளைக் கட்டி வைத்திருந்தார்.

மிச்சத்தை நான் செய்யவேண்டும். ஓடச் சொல்லலாமா? ஓடுவதற்கு இடம் எங்கே? வெட்டை வெளி. மரம் யானையின் பக்கம். வாய் மூடிக்கொண்டு இருக்கலாமா? அபி அவ்வளவு நேரம் சும்மா நிற்கிறவள் இல்லை. நான் பேசாமல் இருந்தால் 'என்னம்மா, நித்திரையா?' என்று திரும்பிவிடுவாள்.

பாடசாலையில் பரீட்சை மேற்பார்வைக்கு நிற்கும்போது நான் பேசும் ஒரு குரல் உண்டு. தணிந்த, அலுத்துப்போன குரல். ஒரு பிள்ளையும் அந்தக் குரலுக்குத் தலை நிமிர்த்தாது. அந்தக் குரலைத் தேடி எடுத்தேன்.

"அபி, அப்பிடியே வை. வெளிச்சம் நல்லாயிருக்கு. மாமிட கண்ணையே பார்."

"கை நோகுது, அம்மா."

"கொஞ்சம் பொறு."

அப்போது பின்னால் 'சரக்' என்று ஒரு சத்தம். குலையிலிருந்து சீப்பைப் பிய்க்கும் சத்தம். கமராப் பெட்டி கல்லில் இடிபட்டது. பெட்டி எவ்வளவு தூரம் என்று கேட்டீர்களென்றால், கையை நீட்டி ஒருவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான்.

"அம்மா, என்ன சத்தம்?"

கண்ணாடியில் பலகையின் வெள்ளை ஆடியது. அபியின் தலை திரும்பத் தொடங்கிவிட்டது.

"மாடு," என்றேன். "பூமணி மாமிட மாடு. போட்டை ஆட்டாத."

நான் சொன்ன பொய்யை என் மகள் நம்பியிருக்கமாட்டாள். என் பொய்கள் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் பூமணியக்கா, தலையை அசைக்காமல், கண்ணை எடுக்காமல், உதடு மட்டும் அசைய, சாதாரணமாகச் சொன்னார்:

"எண்ட மாடுதான் புள்ள. பொல்லாத சாமான். மூஞ்சியப் பாத்தா முட்ட வரும், நீ திரும்பாத."

"கட்டி வைக்கப்படாதா மாமி?"

"எந்தக் கயித்துக்கும் அடங்காதுகா."

"வாழைப்பழத்தத் தின்னுதா?"

"தின்னட்டும் விடு. உனக்கு வேற குலை வெட்டித் தாறன்."

அபி சலித்துக்கொண்டு பலகையை நேராக்கினாள். மாடு தன் பழத்தைத் தின்கிறதே என்ற கோபம் அவள் குரலில் இருந்தது. அந்தக் கோபத்தை இன்றைக்கும் நான் காதில் வைத்திருக்கிறேன். பயப்படாத ஒருத்தியின் கோபம்.

யானை ஆறுதலாகத் தின்றது. மென்று தின்றது. ஒவ்வொரு மெல்லலும் எனக்குக் கேட்டது. நான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கடுகளவு வில்லைக்குள் என் மகளின் வெள்ளைப் பலகையும் அந்தச் சாம்பல் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு நேரம் அந்தச் சாம்பல் நிறம் பெரிதாகி, வெள்ளையைத் தொட்டது போலத் தெரிந்தது. அப்போது நான் என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன். ஒரு தாயாக இருப்பவருக்கு எழுதத் தேவையில்லை.

பிறகு அது சின்னதாகியது. வில்லையின் ஓரத்துக்குப் போனது. இல்லாமல் போனது. நான் அப்போதும் அசையவில்லை. பூமணியக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"மாடு போயிட்டு, ரீச்சர்," என்றார்.

துணிக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். குளக்கட்டில் ஏறி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. அபியும் திரும்பினாள். பலகை அவள் கையிலிருந்து விழுந்தது.

"மாடா?" என்றாள். "அம்மா, மாடா?"

"கொஞ்சம் பெரிய மாடுதான், புள்ள," என்றார் பூமணியக்கா.

அபி நிலத்தில் குந்திவிட்டாள். நான் பக்கத்தில் போய் அவளுடைய தலையைத் தொட்டேன், தோளைத் தொட்டேன், கையைத் தொட்டேன், எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "சும்மா இருங்கம்மா, ஒண்டுமில்ல," என்று என் கையைத் தள்ளிவிட்டு, அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதாள். குளத்துக்கு அப்பால் வயல் வட்டைப் பக்கமிருந்து யானை வெடிச் சத்தம் கேட்டது. ஆட்கள் கண்டுவிட்டார்கள், அதை இன்னும் தூரத்துக்குத் துரத்துகிறார்கள். இனி இந்தப் பக்கம் வராது.

நான் கமராவைக் கழற்றத் தொடங்கினேன். வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

"படம் எடுத்தாச்சா, ரீச்சர்?" என்றார் பூமணியக்கா. அவர் இன்னும் கதிரையில் அப்படியே இருந்தார்.

"இல்லக்கா. பிலிமே இன்னும் போடல்ல."

"என்ன?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "ஆனைக்கு முன்னால அசையாம இருந்து காட்டியிரிக்கன், நீங்க படம் எடுக்கல்லயா? எண்ட இடுப்புப் போயிட்டு. படம் இல்லாம இந்தக் கதிரைய விட்டு எழும்பமாட்டன். மருமகன் வந்து தூக்கினாலும் எழும்பமாட்டன்."

நான் துணியைக் கையில் எடுத்தேன். தலைக்கு மேலே போட முடியவில்லை. முதுகு அனுமதிக்கவில்லை, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அபி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் கையிலிருந்து துணியை வாங்கினாள்.

"நீங்க போட்டைப் பிடிங்க, அம்மா."

பலகையைப் பிடித்தேன். ஆனால் பற்றைக்காட்டுக்கு முதுகு காட்டி நிற்க என்னால் முடியவில்லை. வெள்ளைப் பக்கத்தைப் பூமணியக்காவுக்குத் திருப்பி, பலகையை என் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் காட்டைப் பார்த்து நின்றேன். எனக்குப் பக்கத்தில் அபி கூர்மை பிடிக்கும் சத்தம், பிலிம் சட்டம் உள்ளே போகும் சத்தம், ஷட்டர் ஏற்றும் சத்தம், எல்லாம் ஒழுங்கில் வந்தன. எத்தனை வருடமாகப் பலகை மட்டும் பிடித்தவள், ஒன்றையும் விடாமல் பார்த்து வைத்திருந்திருக்கிறாள். "மாமி, இப்ப," என்றாள். ஷட்டர் விழுந்தது.

அந்த ஒரு தாள் பிலிமில் விழுந்த படம்தான் அந்தக் கண்காட்சியின் நடுச் சுவரில் தொங்கியது. மூக்குக் கண்ணாடியோடு, நீலச் சேலையோடு, பிளாஸ்ரிக் கதிரையோடு. கீழே என் பெயர் போட வந்தார்கள். அபிராமி என்று திருத்தினேன். என் வாழ்க்கையில் பரீட்சைத் தாள்களில் நான் போட்ட எந்தப் புள்ளியும், வாங்கிய எந்தப் பாராட்டும் அந்தத் திருத்தத்துக்குக் கிட்ட வராது. ஏற்பாட்டாளர் வில், அம்பு பற்றி அதன் பிறகு பேசவில்லை. யானையை ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் கேட்டார்.

நான் மறுபடியும் முயன்று பார்த்தேன். வீட்டு முற்றத்தில் செவ்வரத்தம் செடிக்கு முன்னால் கமராவை வைத்துத் துணிக்குள் போனேன். மதிலுக்கு உள்ளே, கேற்றைப் பூட்டிவிட்டு. மூன்று முறை வெளியே வந்து பின்னால் பார்த்தேன். சந்தையில் பழக்கடைக்காரர் குலையிலிருந்து சீப்புப் பிய்த்தால் இப்போதும் எனக்கு முழங்கை சில்லிட்டுப் போகும். அதனால் விட்டேன். தோற்றுப்போய் விடவில்லை. கமரா போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, எனக்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க இன்னும் பழகவில்லை.

அந்தக் காலையிலிருந்து நமது குழுவில் ஒரு வழமை வந்திருக்கிறது. உங்களில் சிலர் அதை அலுப்பான வேலை என்று முணுமுணுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். படமெடுக்கும்போது ஒருவர், படத்துக்கு இருப்பவருக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி நிற்கவேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. பலகையும் கொடுக்கக்கூடாது. அந்த ஆளாக நிற்கிறவர் படத்தில் தனக்குப் பங்கில்லை என்று நினைக்கவேண்டாம். நானும் அப்படி நின்றுதான் அந்தப் படத்துக்கு உதவினேன்.

கைப்பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் கை மூடியதும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே பாயாதீர்கள். கையைப் பார்த்த பிறகு முகத்தையும் ஒருமுறை பாருங்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறவர் போட்டபடியே இருக்கட்டும்.

அபி இப்போது வாகரைப் பக்கம் போகிறாள். கடலோர வேடர் குடும்பங்களை எடுக்கிறாள். ஒவ்வொரு பின்னேரமும், வேலை முடிந்ததும், என் போனுக்கு அவளுடைய விரித்த உள்ளங்கையின் படம் ஒன்று வரும். அது வரும் வரைக்கும் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. ஒரு நாள் பிந்தி வந்தது. அதன் பிறகு அவள் பிந்தவில்லை.

கண்காட்சிக்கு முன்னால், வழமைப்படி, படத்தை முதலில் பூமணியக்காவிடம் கொண்டுபோனோம். கண்காட்சியில் நிறையப் பேர் அந்தப் படத்தில் முழங்காலில் இருக்கும் மூடிய கையைப் பார்த்துப் பலதும் சொன்னார்கள். ஒரு இனத்தின் கோபம் என்றார் ஒருவர். உரிமைப் போராட்டம் என்றார் இன்னொருவர். சோற்றுப் புகையைப் பனி என்றவர்களைப் போலவே இவர்களையும் நான் திருத்தப் போகவில்லை.

ஆனால் அன்று கரடியனாற்றில், சுவரில் மாட்டுமுன் படத்தை மடியில் வைத்துப் பார்த்த பூமணியக்கா, முதலில் தன் கண்ணாடியைப் பார்த்தார், சேலையின் மடிப்பைப் பார்த்தார், கடைசியாக அந்தக் கையில் விரலை வைத்தார்.

"இஞ்ச பாருங்க ரீச்சர், கை மூடிக்கிடக்கு. ஆனை போன பொறகும் நான் தொறக்கல்ல. இவள் தொறக்கச் சொல்ல மறந்திட்டாள்."

அபி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"மறக்கல்ல, மாமி," என்றாள்.